இடைக்கால முகம்

பல்லுக்குக் க்ளிப் போட்டால் முகம் அழகாகும். நாம் எல்லோரும் கேள்விப்பட்டது இதுதான். ஆனால் ஒரு வகைச் சிகிச்சை உண்டு. அதில் க்ளிப் போட்ட பிறகு ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரை முகம் முன்பிருந்ததைவிடக் கோணலாகத் தெரியும். மருத்துவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் வேலை ஒழுங்காக நடந்தால்தான் அப்படி ஆகும். தாடை எலும்பை அறுத்து நகர்த்தும் அறுவைக்கு முன்னேற்பாடாகப் பற்களை நகர்த்தும் சிகிச்சை அது.

பழைய தெருப் பெயர்கள், கொம்மூன் தேர்தல்கள், பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று தாடையைப் பிடித்துக்கொண்டானே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் இப்போது இந்தக் கட்டத்தில் இருக்கிறாள். இன்னொன்று, அவளுடைய சிகிச்சைத் தாளில் 'லீ ஃபோர்ட்' என்று ஒரு பெயரைப் பார்த்தேன். பிரெஞ்சில் படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? அது 'லெ ஃபோர்'. கடைசி எழுத்து ஊமை. பலசாலி என்று பொருள். அந்தப் பலசாலி யார் என்று தேடப்போய், ஒரு நீண்ட சரித்திரம் கையில் வந்து சேர்ந்தது.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவுக்கு வயது 80. அவருடைய பேத்திக்கு 22. பெண்ணுக்குச் சிறுவயது முதலே கீழ்த்தாடை சற்று முன்னால் நிற்கும். காலஞ்சென்ற மாமாவின் ஜாடை அப்படியே. அழகுக் குறை என்று நாங்கள் யாரும் பேசியதில்லை. ஆனால் அவளால் முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது. முறுக்கானாலும் கொய்யாவானாலும் கடைவாய்க்குக் கொண்டுபோய்த்தான் கடிப்பாள். வளர்ச்சி நின்ற வயதுக்குப் பிறகு தாடை அறுவை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்ல, அவளே முடிவெடுத்துக் க்ளிப் போட்டுக்கொண்டாள்.

பத்து மாதம் கழித்து உறவில் ஒரு வளைகாப்பு. அங்கே நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து தொலைபேசி.

"ஏன்டா தம்பி, நீதான் நாலு எழுத்துப் படிச்சவன். வந்து பாரு இந்தப் பொண்ண. காசையும் கொட்டி இருந்த முகத்தையும் கெடுத்துட்டானுங்க. கம்பியக் கழட்டிடச் சொல்லு."

"அவசரப்படாதக்கா. டாக்டர் என்ன சொல்லியிருக்காருன்னு முதல்ல கேப்போம்."

போனேன். அக்கா சொன்னது பொய்யில்லை. கீழுதடு முன்பைவிட முன்னால் வந்திருந்தது. கீழ்ப்பற்கள் மேல்பற்களை விட்டு நன்றாக விலகி நின்றன. பேசும்போது 'ச' கொஞ்சம் சீறியது. கொரோனாக் காலத்து முகக்கவசத்தை அவள் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் தாத்தா," என்றாள். "முதல் நாளே டாக்டர் படம் போட்டுக் காட்டிட்டார். இப்படித்தான் ஆகும்னு சொல்லித்தான் ஆரம்பிச்சார். ஆனா தெரிஞ்சிருக்கறது வேற, தினம் கண்ணாடியில பாக்கறது வேற. பாட்டிக்கு யாரும் எதுவும் சொல்லல. அதான்."

பாட்டிக்குச் சொல்ல வேண்டிய வேலை என்னிடம் வந்தது. சொல்ல வேண்டுமானால் எனக்கு முதலில் புரிய வேண்டும்.

கருவூலக் கணக்கில் முப்பது ஆண்டுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். கணக்கு வேலையில் 'காம்பன்சேட்டிங் எரர்' என்று ஒன்று உண்டு. ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும் பிழைகள். வரவில் ஓரிடத்தில் 6,000 ரூபாய் விட்டுப்போயிருக்கும். செலவில் வேறோரிடத்தில் இன்னொரு 6,000 விட்டுப்போயிருக்கும். கூட்டிக் கழித்தால் இருப்பு சரியாக வரும். மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆண்டுக்கணக்கில் அது அப்படியே ஓடும். தணிக்கைக்காரர் வந்து ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்தினால்தான் வம்பு. அதுவரை சரியாக இருந்த இருப்பு 6,000 ரூபாய் வித்தியாசம் காட்டும். அலுவலகமே பதறும். ஆனால் அந்த வித்தியாசம் புதிதாக வந்ததில்லை. மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது பிழையையும் திருத்தினால் கணக்கு மெய்யாகவே நேராகும்.

தாடை மருத்துவர்களும் இதே 'காம்பன்சேஷன்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ்த்தாடை அதிகமாக முன்னால் வளர்ந்தவர்களுக்கு உடம்பு தானாகவே ஓர் ஏற்பாடு செய்கிறது. உதடும் நாக்கும் தருகிற அழுத்தத்தில், கீழ் முன்பற்கள் உட்புறமாகச் சாய்கின்றன. மேல் முன்பற்கள் வெளிப்புறமாகச் சாய்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கப் பார்க்கின்றன. உதாரணத்துக்கு, எலும்பில் 10 மில்லிமீட்டர் குறை இருந்தால் பற்கள் சாய்ந்து அதில் 6 மில்லிமீட்டரை மூடிவிடும். வெளியே தெரிவது 4 மில்லிமீட்டர்தான். பார்ப்பவர்களுக்கு "கொஞ்சம் தாடை நீளம்" என்று தோன்றும்.

இந்த நிலையிலேயே எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளினால் என்ன ஆகும்? 4 மில்லிமீட்டர் போனதும் பல்லோடு பல் இடித்துக்கொள்ளும். அதற்கு மேல் தாடை போகாது. 10 மில்லிமீட்டர் குறைக்கு 4 மில்லிமீட்டர் வைத்தியம் செய்தாற்போல் ஆகும். ஆகவே முதலில் சாய்ந்த பற்களை நிமிர்த்த வேண்டும். கீழ்ப்பற்களை முன்னுக்கும் மேல்பற்களைப் பின்னுக்கும் கொண்டுவந்து, அவை தத்தம் எலும்பின்மேல் நேராக உட்காரும்படி செய்ய வேண்டும். மேல்வரிசைக்கு இடம் தேவைப்பட்டால் அங்கே இரண்டு பற்களைப் பிடுங்கவும் நேரும். ஒவ்வொரு மாதமும் கம்பியை மாற்ற மாற்ற, மூடியிருந்த அந்த 6 மில்லிமீட்டர் சிறிது சிறிதாக வெளியே வரும். உதடு பல்லைச் சார்ந்தே இருப்பதால் அதுவும் கூடவே நகரும். கன்னம், தாடை எலும்பு எதுவும் மாறாமலே முகம் மாறுவது இதனால்தான்.

கீழ்த்தாடை குட்டையாக இருப்பவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். அவர்களுக்குக் கீழ்ப்பற்கள் முன்னால் சாய்ந்து குறையை மூடியிருக்கும். அவற்றைப் பின்னுக்கு நிமிர்த்தும்போது மேல்பற்கள் இன்னும் எத்தலாகத் தெரியும். முகவாய் இன்னும் உள்ளே போனதுபோல் தோன்றும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அறுவை வேண்டாம், பல்லை மட்டும் சாய்த்து ஒப்பேற்றிவிடலாம் என்றால் பற்களை ஒரு திசையில் நகர்த்துவார்கள். அறுவை உண்டு என்றால் நேர் எதிர்த் திசையில் நகர்த்துவார்கள். பிடுங்கும் பல்கூடப் பெரும்பாலும் வேறு வேறு வரிசையில் இருக்கும். ஆகவே முடிவை முதல் நாளே எடுத்தாக வேண்டும். பாதி வழியில் "கம்பியைக் கழற்றிவிடு" என்றால், மூடியிருந்த குறையும் திறந்து, அறுவையும் இல்லாமல், பெண் அந்தரத்தில் நிற்பாள். அக்காவிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

நீண்ட தாடைக்கு உலகப் புகழ் பெற்ற குடும்பம் ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம். 1500இல் பிறந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஓவியங்களை திதியன் தீட்டியிருக்கிறார். தாடி அந்தத் தாடையை ஓரளவு மூடினாலும், பார்க்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த அந்தக் குடும்பத்தின் கடைசி ஸ்பானிய மன்னர் இரண்டாம் சார்லஸ். 1661இல் பிறந்து 1700இல் இறந்தார். உணவை மெல்லுவதே அவருக்குப் பெரும்பாடு. உலகத்துச் செல்வமெல்லாம் காலடியில் இருந்தும் அந்தத் தாடைக்கு ஒரு வைத்தியன் கிடைக்கவில்லை.

1728இல் பாரிசில் பியேர் ஃபொஷார் என்பவர் பல் வைத்தியத்துக்கென்றே இரண்டு பாகங்களில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். இக்காலப் பல் மருத்துவத்தின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறார்கள். வரிசை தப்பிய பற்களைத் துளையிட்ட உலோகப் பட்டையோடு நூலால் கட்டி இழுக்கும் முறையை அவர் எழுதி வைத்தார். இன்றைய க்ளிப்புக்கு அதுதான் பாட்டன். ஆனால் அவர் கை பல்லோடு நின்றது. எலும்பைத் தொடவில்லை.

எலும்பைத் தொட்டவர் அமெரிக்காவில் வீலிங் என்ற ஊரில் இருந்த சைமன் ஹல்லிஹென். 1849ஆம் ஆண்டு. சிறுவயதில் தீப்பட்டு, கழுத்துத் தோல் சுருங்கி, கீழ்த்தாடை முன்னால் இழுக்கப்பட்டுவிட்ட ஓர் இளம்பெண்ணுக்கு, தாடை எலும்பின் முன்பகுதியை அறுத்துப் பின்னுக்குத் தள்ளினார். கிருமி என்றால் என்னவென்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வதற்கு முந்தைய காலம் அது. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 46 ஆண்டுகள் இருந்தன.

அதன் பிறகு ஐம்பது ஆண்டு கழித்து செயின்ட் லூயிஸ் நகரில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் அறுவை மருத்துவர் விளரே பிளேர். மற்றவர் பல் சீரமைப்பைத் தனித் துறையாக நிலைநாட்டிய எட்வர்ட் ஆங்கிள். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குக் கோணம் என்று பொருள். பல் கோணலை வகைப்படுத்த வந்தவருக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! 1899இல் அவர் வகுத்த மூன்று பிரிவுகளைத்தான் இன்றும் பல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். நீண்ட கீழ்த்தாடை அதில் மூன்றாம் பிரிவு. 1890களின் இறுதியில் பிளேர் கீழ்த்தாடையின் இருபுறமும் ஒவ்வொரு துண்டு எலும்பை வெட்டி எடுத்துத் தாடையைக் குறுக்கினார். எலும்பு அறுப்பவரும் பல் நகர்த்துபவரும் கலந்து பேசி வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்த நகரில் முளைத்தது. ஆனால் அது மரமாக இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

இப்போது நம் பலசாலி. ரெனே லெ ஃபோர், லீல் நகரத்து மருத்துவர். முகத்தில் அடிபட்டால் மேல்தாடை எப்படி உடைகிறது என்று அறிய விரும்பினார். பிணங்களின் முகத்தில் வெவ்வேறு திசைகளிலிருந்து அடி விழச்செய்து, பிறகு தசையை நீக்கி எலும்பைப் பார்த்தார். கண்டபடி உடையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவரோ முகத்து எலும்பில் மூன்று பலவீனமான கோடுகள் இருப்பதையும், பெரும்பாலும் அந்தக் கோடுகளை ஒட்டியே உடைவதையும் கண்டு 1901இல் எழுதினார். விபத்தில் உடையும் அதே கோட்டில் மருத்துவர் கவனமாக அறுத்தால் மேல்தாடையை மொத்தமாக நகர்த்தலாம் என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தோன்றியது. மூன்று கோடுகளில் கீழே உள்ளது, பல் வேர்களுக்கு மேலே மூக்கடியை ஒட்டிச் செல்வது, 'லெ ஃபோர் ஒன்று'. எங்கள் பெண்ணின் தாளில் இருந்தது அதுதான். காயத்தைப் பற்றிய ஆராய்ச்சி சிகிச்சைக்கு வரைபடம் ஆயிற்று.

அடுத்து 1914. நம் கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்தை எத்தனை முறை கடந்து நடந்திருப்போம்! அந்தப் போரில் பதுங்கு குழியிலிருந்து தலை நீட்டியவர்களின் முகத்தைக் குண்டுகள் சிதைத்தன. பாரிசில் வால் தெ கிராஸ் ராணுவ மருத்துவமனையில் இப்போலித் மொரெஸ்தேன் என்ற மருத்துவர் அந்த முகங்களை ஒட்டவைத்தார். அவர் பிறந்தது மர்த்தினீக் தீவில். நம்மைப்போல் பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிதான் அதுவும். அவர் வேலையைப் பார்த்து வியந்த ஹெரால்ட் கில்லீஸ், பின்னர் இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் 1917 முதல் முகக் காயத்துக்கென்றே அமைந்த மருத்துவமனையில் பணியாற்றினார். பல் மருத்துவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இவர்கள் வேலை செய்தார்கள். தாடையும் பல்லும் சரியான இடத்தில் நின்றால்தான் அதன்மேல் மூடும் தசை நிற்கும்.

எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது இந்த இடத்தைப் படித்தபோதுதான். கில்லீஸின் முறையில் தோளிலோ மார்பிலோ உள்ள தோலைக் குழாய்போல் சுருட்டி, ஒரு முனையை அங்கேயே விட்டு, மறுமுனையை முகத்தில் தைப்பார்கள். முகத்தில் புது ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை வாரக்கணக்கில் அந்த மனிதன் தோளுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சதைக் குழாயோடு இருக்க வேண்டும். காயம்பட்ட முகத்தைவிட அந்த நடுக்கட்ட முகம் பார்க்கப் பயங்கரம். சிட்கப் மருத்துவமனையில் கண்ணாடிகளை அகற்றி வைத்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அங்கே இந்த வீரர்கள் உட்காருவார்கள், திடுக்கிட வேண்டாம் என்று ஊர்க்காரர்களுக்கு முன்னறிவிப்பு.

பிரெஞ்சில் அவர்களுக்கு 'கேல் கஸ்ஸே' என்று பெயர். உடைந்த மூஞ்சிகள். 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் மாளிகையில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது, அப்படிப்பட்ட ஐந்து பேரை அழைத்துவந்து மண்டபத்தில் நிற்க வைத்தார்கள். கையெழுத்துப் போட வந்தவர்கள் அந்த முகங்களைப் பார்க்கட்டும் என்று. 1921இல் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். சங்கத்தின் வாசகம் 'ஸூரீர் கான் மேம்'. 'இருந்தாலும் சிரிப்போம்' என்று தமிழில் சொல்லலாம்.

போர் முடிந்தபின் முகத்தை அளக்கும் கலை வளர்ந்தது. 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும், ஒருவரை ஒருவர் சாராமல், தலையை ஒரே நிலையில் பிடித்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எலும்பில் எவ்வளவு குறை, பல் எவ்வளவு சாய்ந்து அதை மூடியிருக்கிறது என்று கோணமானி வைத்து அளக்க அப்போதுதான் வழி பிறந்தது. தணிக்கைக்காரர் கைக்குப் பேரேடு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய திருப்பம் 1950களில். ஆஸ்திரியாவில் பிறந்து சூரிக் நகரில் பணியாற்றிய ஹூகோ ஒப்வேகேசர் கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்பைப் பலகையை இரண்டாகப் பிளப்பதுபோல் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பிளந்தார். இரண்டு பலகையும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். தாடையை முன்னும் நகர்த்தலாம், பின்னும் நகர்த்தலாம். எலும்புக்கு எலும்பு அகலமாகப் பட்டுக்கொண்டிருப்பதால் நன்றாகச் சேரும். எல்லாம் வாய்க்குள்ளேயே நடப்பதால் வெளியே தழும்பும் இல்லை. தம் ஆசிரியர் டிரவ்னருடன் சேர்ந்து 1957இல் இதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1966இல் வாஷிங்டனில் வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அவர் ஆற்றிய உரைகளுக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் இந்த முறை பரவியது. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் ஒரே அமர்வில் நகர்த்தியதை 1970இல் எழுதினார்.

மேல்தாடையை அறுத்துத் தனியே எடுத்தால் ரத்த ஓட்டம் நின்று அழுகிவிடாதா என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவில் வில்லியம் பெல் 1960களின் இறுதியிலிருந்து குரங்குகளிடம் செய்த ஆய்வுகள், அண்ணத்துத் தசையும் ஈறும் ஒட்டியிருக்கும்வரை எலும்பு பிழைத்துக்கொள்ளும் என்று காட்டின. 1970களில் பொர்தோவில் மிஷ்லேயும் ஸ்த்ராஸ்பூரில் ஷாம்பியும் சிறு உலோகத் தகடும் திருகாணியும் வைத்து எலும்பை இணைக்கும் முறையை வளர்த்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு தாடைகளையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம்போல வாயைத் திறக்கவே விடமாட்டார்கள்.

எலும்பை இவ்வளவு தூரம் நகர்த்த முடிந்த பிறகுதான் பல்லின் குறுக்கீடு உறைத்தது. அதுவரை அறுவை முதலில், பல் சீரமைப்பு முடிந்தால் பிறகு என்று இருந்தது. எலும்பு போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் சாய்ந்த பற்கள் தடுத்தன. ஆகவே முதலில் பற்களை நிமிர்த்து, பிறகு எலும்பை அறு, கடைசியில் மிச்சத்தைச் சரிசெய் என்ற மூன்று கட்ட முறை 1970களில் நிலைபெற்றது. முடிவு அருமையாக வந்தது. ஆனால் அதன் விலையாக ஓர் இடைக்கால முகம் பிறந்தது. சரித்திரத்தில் எந்த நோயும் உண்டாக்காத, சிகிச்சையே உண்டாக்கிய முகம்.

அந்த முகத்தோடு படிப்பவர்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் உட்காருகிறவர்கள் படும் பாட்டை மருத்துவ உலகம் தாமதமாகத்தான் கவனித்தது. சிகிச்சைக்கு முன், நடுவில், பின் என்று நோயாளிகளிடம் கேள்விகள் கேட்ட ஆய்வுகளில், இந்த நடுக்கட்டத்தில் அவர்கள் மனமும் அன்றாட வாழ்வும் தாழ்ந்து, அறுவைக்குப் பிறகு உயர்வதாகத் தெரியவந்தது.

இதற்கு ஒரு விடை ஜப்பானிலிருந்து வந்தது. நாகசாகா, சுகாவாரா முதலிய மருத்துவர்கள் அறுவையை முதலில் செய்து, பற்களைப் பிறகு நிமிர்த்தும் முறையை 2009இல் வெளியிட்டார்கள். எலும்பில் சிறு ஆணிகளும் தகடுகளும் பதித்து, அவற்றைப் பிடிமானமாகக் கொண்டு பற்களை நகர்த்தும் வசதி வந்துவிட்டதால் இது கைகூடியது. அறுவைக்குப் பின் சில மாதங்கள் எலும்பு வேகமாகப் புதுப்பித்துக்கொள்வதால் பற்களும் விரைவாக நகர்கின்றன. நோயாளிக்கு முதல் மாதமே முகம் மாறிவிடும், இடைக்கால முகம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. அறுவையின்போது பல்லோடு பல் சரியாக உட்காராததால் தாடையை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே கணித்து வைக்க வேண்டும். பல் நெருக்கம் மிகுந்தவர்களுக்கும் கடி மிகவும் கலைந்தவர்களுக்கும் பழைய வழிதான் பத்திரம் என்கிறார்கள். எங்கள் பெண்ணுக்கும் அப்படித்தான் முடிவாகியிருக்கிறது.

அறுவையோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். முதல் இரண்டு வாரம் முகம் பூசணிபோல் வீங்கும். கஞ்சி, பழச்சாறுதான் ஆகாரம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு அசைந்துகொடுப்பதால் கீழுதடு மரத்துப்போகும். பலருக்கு மாதங்களில் சரியாகும். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிலைத்தும் விடும். இதையும் முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீக்கம் முழுவதும் வடிந்து முகம் ஒரு நிலைக்கு வர மாதங்கள் ஆகும். அதன் பிறகு ஆதார், பாஸ்போர்ட் படங்களை மாற்றிக்கொள்வது நல்லது. இது பழைய எழுத்தரின் யோசனை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார். "அப்ப அவரு ஜாடை போயிடுமாடா?" அதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. "கண்ணும் நெத்தியும் மாமாவோடதுதானே, அது எங்கே போகப்போகுது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பேத்திக்கு இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவரிடம், நடுவில் முகம் எப்படி ஆகும், எத்தனை மாதம் அப்படி இருக்கும் என்று கேட்டு, வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நிச்சயதார்த்தம், புகைப்படம் போன்றவற்றைக் கூடுமானவரை அந்த மாதங்களில் வைக்காதீர்கள். விசேஷ வீட்டில் அந்தப் பிள்ளையைப் பார்த்தால் பல்லைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். படிப்பைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சிட்கப் ஊர்க்காரர்களுக்கு நீல பெஞ்ச் தேவைப்பட்டது. நமக்குத் தேவைப்படக் கூடாது.

வால் தெ கிராஸ் மருத்துவமனை பற்றி எழுதும்போது, அந்தப் போருக்கு நம் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிப் போனவர்களின் ஞாபகம் வந்தது. அடுத்த முறை அவர்களைப் பற்றி எழுத எண்ணம். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் அந்தக் காலத்துக் கடிதமோ பதக்கமோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.